2032 டிசம்பர் 22-இல் விண்கல்: 20 வருஷ வீட்டுக் கடன் வாங்கலாமா, வேண்டாமா?

கடன்காரன் தாம்பரம் | 30 ஜனவரி 2025, இரவு 10:42

மக்களே, சீரியஸான கேள்வி. தயவுசெய்து சிரிக்காம பதில் சொல்லுங்க.

கிழக்குத் தாம்பரம் தாண்டி ஒரு ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாச்சு. பேங்க்ல 20 வருஷக் கடன். முதல் தவணை வர்ற ஏப்ரல், கடைசித் தவணை 2045 மார்ச். இன்னைக்கு டீக்கடையில போனை நோண்டிட்டு இருந்தப்ப செய்தி வருது. 2024 ஒய்ஆர்4-னு ஒரு கல்லாம். 2032 டிசம்பர் 22 அன்னைக்குப் பூமியில விழ 1 சதவீதத்துக்கு மேல வாய்ப்பிருக்குன்னு நேத்து முறைப்படி எச்சரிக்கையே அனுப்பிட்டாங்களாம்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தத் தேதிக்குள்ள 93 தவணை கட்டியிருப்பேன். அதுல பாதிக்கு மேல வட்டிக்கே போயிருக்கும், அசல் கொஞ்சம்தான் அசைஞ்சிருக்கும். மிச்சம் 147 தவணை. கல் விழுந்தா அது தள்ளுபடியா, இல்ல வாரிசு கட்டணுமா? வாரிசும் அதே ஃபிளாட்லதான் இருப்பான்.

கோவை குசும்பு | 30 ஜனவரி, இரவு 10:51

ஏனுங்க, பேங்க்காரனைப் பத்தி உங்களுக்குத் தெரியாதுங்களா? கல்லு வுழுந்த குழியை அளந்து, "குழியுடன் கூடிய மனை"ன்னு பேப்பர்ல ஏல நோட்டீஸ் போட்டுருவாங்க. நீங்க மண்ணுக்குள்ள இருந்து கையெழுத்துப் போடோணும்.

சுழியம் | 30 ஜனவரி, இரவு 11:20

பயப்படுறதுக்கு முன்னாடி கல்லைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க. நான் பள்ளிக்கூடத்துல இயற்பியல் நடத்துறவன், மொட்டை மாடியில ஒரு தொலைநோக்கியும் வெச்சிருக்கேன்.

டிசம்பர் 27-ஆம் தேதி சிலி நாட்டுல இருக்கிற அட்லஸ் தொலைநோக்கி இதைக் கண்டுபிடிச்சுது. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நம்ம பக்கத்துல வந்துட்டுப் போயிடுச்சு. கொரியர்காரர் பெல் அடிக்காம கதவுல சீட்டு ஒட்டிட்டுப் போற மாதிரி, போன பிறகுதான் வந்ததே தெரிஞ்சது. பேரும் பயங்கரமான ரகசியக் குறியீடெல்லாம் இல்லை, பஸ் ரூட் நம்பர் மாதிரிதான். ஒய்னா டிசம்பர் மாசத்தோட ரெண்டாவது பாதி. ஆர்4-னா அந்தப் பதினாறு நாள்ல கண்டுபிடிச்ச 117-ஆவது கல். மத்த 116 பேரும் நல்ல பிள்ளைங்க, அதனால யாருக்கும் தெரியலை.

குறுக்களவு 40-இலிருந்து 90 மீட்டர் வரை இருக்கலாம்னு சொல்றாங்க. உலகத்தை அழிக்காது, ஒரு ஊரை அழிக்கும். விழுந்தா விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகம். எழும்பூர்ல கிளம்பினா அரை நிமிஷத்துல மதுரை. வைகை எக்ஸ்பிரஸ் ஏழு மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கும்.

விண்கல் ஆபத்தை அளக்கிற டொரினோ அளவுகோல்ல 10-க்கு 3. 99 சதவீதம் விழாது. கடனை வாங்குங்க.

கடன்காரன் தாம்பரம் | 30 ஜனவரி, இரவு 11:24

ஒரு ஊரை அழிக்கும்னு சொல்லிட்டு அடுத்த பாராவுல கடனை வாங்குங்கன்னா எப்படி சார்?

கோவை குசும்பு | 31 ஜனவரி, காலை 6:15

எந்த ஊருன்னு சொல்லீட்டா அந்த ஊர்ல மனை வெல கொறையும், வாங்கிப் போட்டுரலாம்.

சுழியம் | 31 ஜனவரி, காலை 7:02

விழுந்தா விழக்கூடிய பாதைன்னு ஒரு பட்டை போட்டிருக்காங்க. கிழக்கு பசிபிக்ல ஆரம்பிச்சு தென்னமெரிக்காவோட வடபகுதி, அட்லான்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல், கடைசியில தெற்காசியா.

தேன்மொழி கணக்கு | 31 ஜனவரி, காலை 7:10

உலகத்துலேயே கூட்டம் அதிகமா இருக்கிற ஸ்டாப்பாப் பார்த்து இறங்குது. இதைப் பல்லவன் காலத்து டிரைவர் யாரோதான் ஓட்டிட்டு வர்றார்.

பஞ்சாங்கம் 2.0 | 31 ஜனவரி, காலை 9:40

தேதியைப் பஞ்சாங்கத்துல வெச்சுப் பார்த்தேன். புதன்கிழமை, மார்கழி மாதம் ஏழாம் தேதி வாக்கு. மார்கழியில நாம வீடு கூட மாத்த மாட்டோம், இது கிரகத்தையே மாத்தப் பார்க்குது. நல்ல நாள் பார்த்துக் கொடுக்கப் பக்கத்துல பெரியவங்க யாரும் இல்லை போல.

நேரம் இன்னும் மோசம். உலக நேரம் பகல் 2 மணி 2 நிமிஷம்னு போட்டிருக்காங்க. நம்ம நேரத்துக்கு மாத்துங்க.

தேன்மொழி கணக்கு | 31 ஜனவரி, காலை 9:44

ஐந்தரை மணி கூட்டினா... ஏழரை!

பஞ்சாங்கம் 2.0 | 31 ஜனவரி, காலை 9:45

இதுக்கு மேல ஜோசியம் வேற பார்க்கணுமா?

மாமா மயிலாப்பூர் | 31 ஜனவரி, பகல் 12:30

டிசம்பர் 22 என்றால் சென்னையில் சீசன் உச்சத்தில் இருக்குமே. ஏழரை மணிக்கு மெயின் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்திருக்கும். பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போயிருப்பார்கள். உயிர் பிழைக்கிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள், சங்கீதம் தெரிந்தவர்கள் மொத்தமாகப் போய்விடுவோம்.

நிற்க. எனக்கு வயது எழுபது. இந்த மாதிரி உலக அழிவு எனக்கு மூன்றாவது.

முதலாவது 1962 பிப்ரவரி. அஷ்டகிரகக் கூட்டம் என்று பெயர். மகர ராசியில் எட்டுக் கிரகம் சேர்கிறது, 3-ஆம் தேதியிலிருந்து 5-ஆம் தேதிக்குள் உலகம் அழியும் என்று தேசம் முழுக்க யாகம் வளர்த்தார்கள். எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். மாசியில் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்காகப் பாட்டி ஆறு மாதமாக வெண்ணெய் உருக்கி ஒரு பெரிய பீங்கான் ஜாடி நிறைய நெய் சேர்த்து, வாயில் துணி கட்டிப் பரண் மேல் வைத்திருந்தாள். நான்காம் தேதி மத்தியானம் ஜாடியைக் கீழே இறக்கச் சொன்னாள். "உலகமே போறச்சே நெய் யாருக்கு?" வீட்டில் இருந்தவர், வேலைக்கு வந்தவர், வாசலோடு போனவர் எல்லோருக்கும் கரண்டி கரண்டியாகச் சோற்றில் ஊற்றினாள். ஏழு வயதில் நான் அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி அப்புறம் சாப்பிட்டதே இல்லை.

ஆறாம் தேதி சூரியன் வழக்கம் போல வந்தது. கல்யாணத்து லட்டு டால்டாவில். அத்தைக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. போன தீபாவளிக்குக் கூட அதைச் சொல்லிக்காட்டினாள்.

கடன்காரன் தாம்பரம் | 31 ஜனவரி, பகல் 12:41

மாமா, ரெண்டாவது?

மாமா மயிலாப்பூர் | 31 ஜனவரி, பகல் 1:15

1979 ஜூலை, ஸ்கைலாப். அமெரிக்காவின் விண்வெளி நிலையம் கட்டுப்பாடு இல்லாமல் விழப்போகிறது, எங்கே என்று தெரியாது. ஆபீஸில் ஒருவர் பிராவிடன்ட் ஃபண்டில் கடன் எடுத்து மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊட்டி போனார். ஜூலை 11-இல் அது ஆஸ்திரேலியாவின் மேற்கே எஸ்பெரன்ஸ் என்ற ஊர்ப் பக்கம் போய்ச் சிதறியது. அந்த ஊர் நிர்வாகம் என்ன செய்தது தெரியுமோ? பொது இடத்தில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது!

நம்மவர் ஊட்டி லோனை 1983 வரை கட்டினார்.

கோவை குசும்பு | 31 ஜனவரி, பகல் 1:22

நம்மூரா இருந்தா, கல்லு வுழுந்த எடத்துக்காரனுக்குத்தான் அபராதம் போட்டிருப்பாங்க. அனுமதி இல்லாம கனிமம் வெச்சிருந்தான்னு.

அடையாறு ஆலமரம் | 1 பிப்ரவரி, காலை 10:05

வாடகையா சொந்த வீடாங்கிறதுதானே கேள்வி? அதுக்கு ஒரு பழைய வழக்கே இருக்கு.

1954 நவம்பர் 30. அமெரிக்காவில அலபாமா மாநிலம், சிலகாகா ஊர். ஆன் ஹாட்ஜஸ்னு ஒரு அம்மா மத்தியானம் சோபாவில படுத்துத் தூங்கிட்டு இருந்தாங்க. கூரையை ஓட்டை போட்டு ஒரு விண்கல் உள்ளே வந்து, ரேடியோ மேல பட்டு எகிறி, அவங்க இடுப்புல அடிச்சுது. எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். பெரிய ரத்தக்கட்டு, ஆனா உயிர் பிழைச்சாங்க.

இனிமேல்தான் கதையே. அவங்க அங்கே வாடகைக்கு இருந்தாங்க. வீட்டு ஓனரம்மா வந்து, "என் வீட்டு மேல விழுந்தது, கல் எனக்குத்தான் சொந்தம்"னு கேஸ் போட்டாங்க. இவங்க கேட்டது நியாயமான கேள்வி: அடி வாங்கினது யாரு? கடைசியில 500 டாலர் கொடுத்து ஓனர்கிட்ட பேசி முடிச்சாங்க. அதுக்குள்ள ஊர் ஆர்வம் தணிஞ்சு, கல்லை நல்ல விலைக்குக் கேட்க ஆள் இல்லை. கொஞ்ச நாள் கதவு அடிக்காம இருக்க முட்டுக்கட்டையா வெச்சிருந்துட்டு, அப்புறம் மியூசியத்துக்குக் கொடுத்துட்டாங்க.

வானத்துலேர்ந்து விழுந்தாலும் ஓனருக்கு ஒரு பங்கு போகும். ஆகவே சொந்த வீடே மேல்.

கடன்காரன் தாம்பரம் | 1 பிப்ரவரி, காலை 10:30

ரேடியோவுக்கு யார் நஷ்ட ஈடு கொடுத்தா?

அடையாறு ஆலமரம் | 1 பிப்ரவரி, காலை 10:31

அட்வான்ஸ்ல கழிச்சிருப்பாங்க.

கோவை குசும்பு | 8 பிப்ரவரி, காலை 8:00

2.3 ஆயிருச்சுங்க. தங்கம் மாதிரி ஏறுது. போன வாரமே வாங்கிப் போட்டிருக்கோணும்.

கடன்காரன் தாம்பரம் | 8 பிப்ரவரி, காலை 8:04

சுழியம் சார், ஒரு சதவீதம், பயப்படாதீங்கன்னீங்க. இப்ப டபுள் ஆயிடுச்சு. கல் மனசு மாத்திக்கிச்சா?

சுழியம் | 8 பிப்ரவரி, காலை 8:40

கல் அதே பாதையிலதான் போகுது. நம்ம கணிப்புதான் கூர்மையாகுது. முதல்ல ரொம்பப் பெரிய பரப்பு, அதுக்குள்ள எங்கேயோ பூமி ஒரு புள்ளி. நாள் ஆக ஆகப் பரப்பு சுருங்குது. பூமி இன்னும் பரப்புக்குள்ளேயே இருக்கிறதால பங்கு கூடுது. பரப்பு இன்னும் சுருங்கி பூமி வெளியே வந்துட்டா ஒரே நாள்ல விழுந்துடும்.

கடன்காரன் தாம்பரம் | 8 பிப்ரவரி, காலை 8:42

எது விழும்? கல்லா, சதவீதமா?

தேன்மொழி கணக்கு | 8 பிப்ரவரி, காலை 9:30

வாத்தியார் சொல்றது இப்படித்தான் புரியும். அனுபவத்துல சொல்றேன்.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கையில 100 ஜாதகம். உங்க வாய்ப்பு நூத்துல ஒண்ணு. பொருத்தம் பார்த்து பாதியைத் தூக்கிப் போடுறாங்க, இப்ப அம்பதுல ஒண்ணு. செவ்வாய் தோஷம், நட்சத்திரம்னு இன்னும் கொஞ்சம் போகுது, முப்பதுல ஒண்ணு. உங்க வீட்டுல சொஜ்ஜி கிண்ட ஆரம்பிச்சிடறாங்க. அம்மா பீரோவைத் திறக்கறாங்க. சித்தி, பெரியம்மாவெல்லாம் வந்தாச்சு. உங்ககிட்ட எந்த மாற்றமும் இல்லை, பட்டியல்தான் குறைஞ்சிட்டே வருது. அப்புறம் வந்து சொஜ்ஜி சாப்பிட்டு, கையைக் கழுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்"பாங்க. அன்னைக்கு ராத்திரி உங்க வாய்ப்பு சைபர்.

எனக்கு மூணு தடவை முப்பதுல ஒண்ணு வரை போயிருக்கு. ஒரு கல்லும் விழலை.

சுழியம் | 8 பிப்ரவரி, காலை 9:41

அடுத்த வருஷம் பிளஸ் டூ வகுப்புல இதையே சொல்லிக் கொடுக்கப் போறேன். அனுமதி உண்டா?

தேன்மொழி கணக்கு | 8 பிப்ரவரி, காலை 9:43

உண்டு. சொஜ்ஜியை மட்டும் விட்டுடாதீங்க.

வன்னிக்காட்டான் | 9 பிப்ரவரி, அதிகாலை 3:12

நான் டொரன்டோவில இருக்கிறன், ஊர் கிளிநொச்சி. ராவேலை முடிஞ்சு வந்து உங்கட கதையளை வாசிச்சுச் சிரிச்சுக்கொண்டிருக்கிறன்.

நாள் சொல்லி, நேரம் சொல்லி, எட்டு வருசத்துக்கு முன்னமே அறிவிச்சுப்போட்டு வாற சாமானோ இது? எவ்வளவு மரியாதை தெரிஞ்ச கல்! எங்களுக்கு மேலயிருந்து விழுந்ததுகள் ஒண்டும் இப்பிடிச் சொல்லிப்போட்டு வரேல்ல. குண்டு போடுற கிபிர்ப் பிளேன் சத்தம் கேட்டால் பங்கருக்க ஓடுறது, அவ்வளவுதான். எங்கட அம்மா ஓடேக்கயும் அடுப்புக்குள்ள இருக்கிற கொள்ளியை வெளியில இழுத்துப்போட்டுத்தான் வருவா. உயிர் போனாலும் காரியமில்லை, சோறு கருகக் கூடாது. நாங்கள் பங்கருக்க இருந்து கத்துவம். அவ ஆறுதலா வருவா.

தம்பி தாம்பரம், நீர் வீட்டை வாங்கும். கீழ ஒரு பங்கர் வெட்டேலுமோ எண்டு மட்டும் கேட்டுப்பாரும்.

கடன்காரன் தாம்பரம் | 9 பிப்ரவரி, காலை 7:20

கேட்டேன் அண்ணா. கீழே வெட்டினா தண்ணி வரும்னு பில்டரே சொல்றார். ஏரி இருந்த இடமாம். அதை இப்பதான் சொல்றார்.

அடையாறு ஆலமரம் | 9 பிப்ரவரி, காலை 7:26

ஆக, 2032 வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்லை.

மாமா மயிலாப்பூர் | 9 பிப்ரவரி, காலை 8:15

டிசம்பர் மாதத்துக்கு இந்தக் கடற்கரையோடு ஏதோ பழைய பாக்கி இருக்கிறது. 2015 வெள்ளம் டிசம்பர். வர்தா 2016 டிசம்பர். மிக்ஜாம் 2023 டிசம்பர். டிசம்பர் 22 என்று படித்தவுடன் எனக்குச் சுருக்கென்றது. 1964-இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது அதே 22-ஆம் தேதி ராத்திரிதான். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை ஆட்களோடு இழுத்துக்கொண்டு போயிற்று. அதற்கு ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று யாரும் சொல்லவில்லை.

அடையாறு ஆலமரம் | 15 பிப்ரவரி, காலை 11:00

இன்னைக்கு ஒரு நினைவு நாள். 2013-இல இதே தேதி, 2012 டிஏ14-னு ஒரு கல் பூமிக்கு 27,700 கிலோமீட்டர் பக்கத்துல வரப்போகுதுன்னு உலகமே அண்ணாந்து பார்த்துட்டு இருந்துச்சு. அது வர்றதுக்குப் பல மணி நேரம் முன்னாடியே, சம்பந்தமே இல்லாத இன்னொரு கல், சுமார் 20 மீட்டர், சூரியன் இருந்த திசையிலிருந்து வந்து ரஷ்யாவில செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேல வெடிச்சுது. யாருமே முன்கூட்டிப் பார்க்கலை. முன்வாசல்ல ஆரத்தித் தட்டோட மாப்பிள்ளைக்குக் காத்திருந்தா, கொல்லைப்புறம் வழியா திருடன் வந்த கதை.

சுமார் 1,500 பேருக்குக் காயம். பெரும்பாலும் கண்ணாடியாலதான். வெளிச்சம் முதல்ல வந்துச்சு, என்னன்னு பார்க்க ஜன்னல்கிட்ட போனாங்க, அப்புறம்தான் அதிர்வலை வந்துச்சு. ஒருவேளை 2032-இல வெளிச்சம் தெரிஞ்சா ஜன்னல் பக்கம் போகாதீங்க, மேஜைக்கு அடியில போங்க.

கோவை குசும்பு | 15 பிப்ரவரி, காலை 11:08

நம்மாளுக வீடியோ எடுத்து, ஸ்டேட்டஸ் வெச்சு, ரெண்டு பேரு "ப்ரோ இது பழைய வீடியோ"ன்னு கமென்ட் போட்டதுக்கப்பறம்தான் மேசைக்கடியில போவாங்க.

தேன்மொழி கணக்கு | 18 பிப்ரவரி, இரவு 11:30

3.1 சதவீதம். முப்பத்திரண்டுல ஒண்ணு. சொஜ்ஜி ரெடி.

கடன்காரன் தாம்பரம் | 18 பிப்ரவரி, இரவு 11:41

எனக்கு நாளைக்குத்தான் கடன் பத்திரத்துல கையெழுத்து.

பேருந்து நிலையம் | 18 பிப்ரவரி, இரவு 11:50

ஒன்றிய அரசு இதுல மாநிலத்துக்கு ஓரவஞ்சனை பண்ணும் பாருங்க. விழுந்த பிறகு மத்தியக் குழு வந்து குழியைப் பார்வையிட்டு...

தெருமுனை | 18 பிப்ரவரி, இரவு 11:53

மாநிலம் மட்டும் என்னவாம்? ரேஷன் கார்டுக்கு ஒரு டோக்கன், டோக்கனுக்கு ஒரு பை...

மட்டுறுத்தினர் | 19 பிப்ரவரி, நள்ளிரவு 12:10

இதற்கு மேல் வந்த 41 பதிவுகள் நீக்கப்பட்டன. எட்டு வருடம் கழித்து விழலாம் என்று சொல்லப்படும் கல்லுக்கு இன்றைக்கே நிவாரணச் சண்டை வேண்டாம்.

சுழியம் | 21 பிப்ரவரி, காலை 6:30

19-ஆம் தேதி 1.5. நேத்து 0.28. பூமி பரப்போட ஓரத்துக்கு வந்துடுச்சு.

தேன்மொழி கணக்கு | 21 பிப்ரவரி, காலை 6:48

கையைக் கழுவறாங்க.

சுழியம் | 25 பிப்ரவரி, காலை 6:20

0.004.

தேன்மொழி கணக்கு | 25 பிப்ரவரி, காலை 6:33

ஊருக்குப் போய் லெட்டர் போடறாங்களாம்.

கோவை குசும்பு | 25 பிப்ரவரி, காலை 7:10

ச்சே. எம்பட பாலிசி 2033 மார்ச்சுல முதிருதுங்க. மூணு மாசம் முன்னாடியே வீட்டுக்காரிக்கு மொத்தமா கெடைக்கும்னு பாத்தேன். அவளும் பாத்துட்டிருந்தா போல. நியூஸைக் கேட்டுப்போட்டு மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுட்டுத்தான் காபி குடுத்தா.

அலைகரை | 26 பிப்ரவரி, இரவு 9:05

இந்த இழையை முதல்லேர்ந்து படிச்சிட்டு இருக்கேன். நல்லா சிரிச்சேன். ஒண்ணு சொல்லணும்.

3.1 வந்தப்ப, இதுக்கு முன்னாடி அதிகபட்சம் எதுன்னு தேடினேன். அபோஃபிஸ்னு ஒரு கல், 2.7 சதவீதம், 2029-இல விழலாம்னு கணக்கு. அந்த 2.7 எந்தத் தேதியில வந்துச்சுன்னு பாருங்க. 2004 டிசம்பர் 27.

நான் நாகப்பட்டினம் பக்கம். அப்ப எனக்குப் பதினொரு வயசு. முந்தின நாள் ஞாயித்துக்கிழமை. காலை ஆறரைக்கு சுமத்ராவுல நிலம் ஆடிச்சு. எங்க கரைக்குத் தண்ணி வர ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அந்த ரெண்டரை மணி நேரத்துல எங்களுக்கு யாரும் சொல்லலை, சொல்றதுக்கு இந்தியப் பெருங்கடல்ல ஒரு ஏற்பாடே அப்ப கிடையாது. ஹைதராபாத்துல எச்சரிக்கை மையம் வந்ததே 2007-லதான். 25 வருஷம் கழிச்சு விழலாம்ங்கிற கல்லுக்குத் தசமப்புள்ளி வரைக்கும் கணக்கு இருந்துச்சு. ரெண்டரை மணி நேரத்துல வர்ற தண்ணிக்கு ஒரு போன் இல்லை.

யாரையும் குத்தம் சொல்லலை. வானம் பார்க்கிறவங்க அவங்க வேலையைத்தான் பார்த்தாங்க.

நீங்க எல்லாம் சிரிப்பாப் பேசுறதால நானும் ஒண்ணு சொல்றேன். நிவாரணம்னு நாடு முழுக்கத் துணி அனுப்பினாங்க. ரோட்டோரம் மலை மாதிரி கிடந்துச்சு. அதுல கம்பளிக் கோட்டு நிறைய. நாகப்பட்டினத்துல கம்பளிக் கோட்டு! எங்க அப்பாவுக்கு வேற சட்டை இல்லாம, முட்டி வரைக்கும் தொங்குற ஒரு சாம்பல் கலர் கோட்டைப் போட்டுக்கிட்டு, வேர்த்து ஒழுக, கரையில உட்கார்ந்து கிழிஞ்ச வலையைப் பின்னிட்டு இருந்தார். அக்கா போய் அஞ்சாறு நாள்தான் ஆகியிருந்துச்சு. அம்மா அவரைப் பார்த்தாங்க. "துரை, இங்கிலீஷ் பேசுங்க"ன்னாங்க. தண்ணி வந்ததுக்கப்பறம் வீட்டுல யாராவது சிரிச்சது அன்னைக்குத்தான்.

அந்தக் கோட்டு இன்னும் இருக்கு. நாய் படுக்குது.

வன்னிக்காட்டான் | 26 பிப்ரவரி, இரவு 11:58

தம்பி, வாசிச்சன்.

மாமா மயிலாப்பூர் | 27 பிப்ரவரி, காலை 5:40

இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

சுழியம் | 27 பிப்ரவரி, இரவு 8:15

அலைகரை, அபோஃபிஸ் பத்தி மிச்சத்தையும் சொல்லிடறேன். அன்னைக்கே பழைய படங்கள்ல அதைத் தேடிப் பிடிச்சு 2029 ஆபத்தை நீக்கிட்டாங்க. அதுக்கு அடுத்த வருஷங்களுக்கு இருந்த சின்னச் சின்ன சந்தேகமும் 2021-இல தீர்ந்துச்சு. இன்னும் நூறு வருஷத்துக்குப் பயமில்லை.

ஆனா அது வரும். 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. பூமியிலேர்ந்து சுமார் 32,000 கிலோமீட்டர்ல கடந்து போகும். நம்ம டிவி செயற்கைக்கோள்கள் சுத்துறது கிட்டத்தட்ட 36,000-த்துல, அதுக்கும் உள்பக்கமா வருது. வெள்ளைக்காரங்க பதிமூணாம் தேதி வெள்ளிக்கிழமைன்னு நடுங்குறாங்க. நம்ம நேரப்படி அது மிக அருகில் வர்றப்ப 14-ஆம் தேதி விடியற்காலை மூணேகால் மணி.

பஞ்சாங்கம் 2.0 | 27 பிப்ரவரி, இரவு 8:22

சித்திரை ஒண்ணு! கண்ணாடி, கனி, வெள்ளிக்காசு எல்லாம் தட்டுல அடுக்கி வெச்சுட்டுத் தூங்கற நேரம். இதை விசேஷத்துக்கு வர்ற உறவுக்காரன் கணக்குல வெச்சுக்கலாம். வாசலோட போயிடுவார், சாப்பிட மாட்டார்.

கோவை குசும்பு | 28 பிப்ரவரி, காலை 7:00

வந்தா முட்டித் தள்ளி வுட முடியாதுங்களா?

சுழியம் | 28 பிப்ரவரி, காலை 7:35

முடியும்னு காட்டியாச்சு. 2022 செப்டம்பர் 26, நாசாவோட டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ்னு 160 மீட்டர் குட்டிக் கல் மேல வேணும்னே போய் மோதிச்சு. அது தன் பெரிய கல்லை 11 மணி 55 நிமிஷத்துல சுத்திட்டு இருந்துச்சு. மோதினதுக்கப்பறம் அரை மணி நேரத்துக்கு மேல குறைஞ்சு போச்சு.

கோவை குசும்பு | 28 பிப்ரவரி, காலை 7:41

வண்டியில மோதி, எதுத்தாப்புல இருக்கறவன் வேகமாப் போனது இங்கதானுங்க.

கடன்காரன் தாம்பரம் | 7 ஜூன் 2025, இரவு 9:30

மக்களே, இழையைத் தூசி தட்டறேன். கடன் வாங்கி மூணு தவணை கட்டியாச்சு. 237 பாக்கி. கிரகப்பிரவேசத்துக்கு மாமா மட்டும் வந்தார், நெய் பாட்டில் ஒண்ணு கொடுத்துட்டுப் போனார். நன்றி மாமா.

இப்ப புதுப் பிரச்சினை. அந்தக் கல் பூமியை விட்டுட்டு நிலாவைக் குறி வெக்குதாமே? 2032 அதே டிசம்பர் 22. ஏப்ரல்ல 3.8 சதவீதம்னாங்க, இப்ப 4.3. உண்மையா?

சுழியம் | 7 ஜூன், இரவு 9:52

உண்மைதான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில பார்த்து, குறுக்களவு சுமார் 60 மீட்டர்னு முடிவு பண்ணியிருக்காங்க. விழுந்தாலும் நிலாவோட பாதை மாறாது, அமாவாசை பௌர்ணமி எல்லாம் வழக்கம் போலதான். ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு புதுக் குழி விழலாம். உங்களுக்கென்ன, நீங்க தாம்பரத்துல இருக்கீங்க.

கடன்காரன் தாம்பரம் | 7 ஜூன், இரவு 9:58

எனக்கு ஒண்ணும் இல்லை சார். என் மச்சான் இருக்கான். நான் ஏரியில வீடு வாங்கிட்டேன்னு குடும்பத்துல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சவன். அவன் நாலு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல நிலாவுல ஒரு ஏக்கர் வாங்கியிருக்கான்.

கோவை குசும்பு | 7 ஜூன், இரவு 9:59

அட சாமீ.

தேன்மொழி கணக்கு | 7 ஜூன், இரவு 10:06

ஒரு கிலோமீட்டர் வட்டம்னா பரப்பு 0.785 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட 194 ஏக்கர். உங்க மச்சானோட சேர்த்து அக்கம்பக்கத்துல 193 பேர் காலி.

அடையாறு ஆலமரம் | 7 ஜூன், இரவு 10:10

பட்டா இருக்கா?

கடன்காரன் தாம்பரம் | 7 ஜூன், இரவு 10:14

சர்டிபிகேட் இருக்கு. லேமினேட் பண்ணி ஹால்ல மாட்டியிருக்கான். இப்ப போன் பண்ணி 4.3 சதவீதம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்கிறான், "மாமா, அதுக்குள்ள வித்துடலாமா? உங்க ஃபிளாட்ல யாராவது வாங்குவாங்களா?"

கோவை குசும்பு | 7 ஜூன், இரவு 10:15

வெல என்ன சொல்றாருங்க?